சாமிக்கண்ணுவின் வரிவிலக்குக் கல்யாணம்

உறவு என்றால் என்ன என்பதை இந்த உலகத்தில் தெளிவாகச் சொன்னது வருமானவரிச் சட்டம் ஒன்றுதான். ஞானிகள் முயன்றார்கள், எல்லாரும் உறவு என்று சொல்லிக் குழப்பினார்கள். கல்யாணத் தரகர்கள் முயன்றார்கள். முடிவில் கமிஷன் கேட்டார்கள். சட்டம் மட்டுமே ஒரு பட்டியலைப் போட்டு, இதில் இருப்பவர்கள் ‘உறவினர்’, இல்லாதவர்கள் இல்லை என்று ஒரே பக்கத்தில் முடித்துவிட்டது. அந்தப் பக்கத்தை நான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். காலையில் குளித்துவிட்டுத்தான் அதன் எதிரில் நிற்பேன்.

எங்கள் புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தப் பக்கத்தின் அருமை தெரிந்திருக்க வேண்டும். இங்கே தெருவுக்கு இரண்டு மூன்று பிரெஞ்சுப் பாஸ்போர்ட் உண்டு. பாரீஸிலிருந்து அத்தை அனுப்புவாள், துலோனிலிருந்து சித்தப்பா அனுப்புவார். வாங்கிக்கொண்டவர்கள் ‘மெர்சி’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். இந்த நிம்மதியைப் போக்குவதற்காகத் தொடங்கப்பட்டதுதான் ‘அயலக அன்பளிப்பு விழிப்புணர்வுப் பேரவை’. நிறுவனர், தலைவர், சர்வதேச வரி ஆலோசகர் திரு. இளம்பரிதி அவர்கள். செயலாளர் அடியேன். பொருளாளர் பதவிக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. அதுவரை பொருளைத் தலைவரே பார்த்துக்கொள்கிறார்.

இளம்பரிதி சாதாரணமானவர் அல்லர். ஆடிட்டர் பரீட்சையை ஐந்து தடவை எழுதியவர். ஒரே தடவையில் தேறிப் போனவர்களைவிட ஐந்து மடங்கு படித்தவர் என்று இதற்குப் பொருள். பிரெஞ்சுப் பண்பாட்டில் ஊறியவரும்கூட. அலுவலகத்துக்குள் யார் நுழைந்தாலும் ‘போன்ழூர்’ என்பார். அவர்கள் பதிலுக்கு பிரெஞ்சில் ஏதாவது பேசிவிடக்கூடாதே என்பதற்காக உடனே தண்ணீர் கிளாசை நீட்டிவிடுவார்.

பேரவையின் முதல் கருத்தரங்கம் ஓர் ஓட்டலின் மாடி அரங்கில் நடந்தது. தலைப்பு: ‘வெளிநாட்டு உறவும் உள்நாட்டு வரியும்.’ நுழைவுக் கட்டணம் ஐந்நூறு ரூபாய். டீயும் விரல்நகம் அளவில் சமோசாவும் இலவசம். இளம்பரிதி திரையில் முதலில் ஒரு கைவிலங்கின் படத்தைக் காட்டினார். அடுத்து, ஒரு மூதாட்டி அழுகிற படம். அதற்கடுத்து பேரவையின் தொலைபேசி எண்.

“வெளிநாட்டுப் பணம் வந்ததுன்னு சொன்னா வரி! சொல்லலன்னா அபராதம்! அப்ப என்ன சொல்றது? யார்கிட்ட சொல்றது?” என்று முழங்கி, மூச்சு விட்டு, “எங்ககிட்ட சொல்லுங்க” என்று குழைந்தார். கூட்டம் நடுங்கியது. பிரான்சில் யாருமே இல்லாத இரண்டு பேர்கூட நடுங்கியதை நான் கண்ணால் பார்த்தேன்.

அப்போது பின்வரிசையில் ஓர் ஆள் எழுந்து நின்றார். காவலாளிச் சீருடை, கையில் தொப்பி.

“சார், எம்பேரு சாமிக்கண்ணு. குருசுக்குப்பம். எங்க அக்கா மவ ஃப்ரான்சுல நர்சா கீது. புயல்ல எங்க ஊட்டுக் கூரை போயிடுச்சி. மாமா, நல்லா காங்கிரீட் ஒட்டு போட்டுக் கட்டிக்கோ, நான் இருபது லட்சம் அனுப்பறேன்னு சொல்லுது. பணம் இன்னும் வரல. அதுக்கு முன்னாடி கவர்மெண்டுக்குச் சொல்லணுமான்னு கேட்டுக்கலாம்னு வந்தேன்.”

இளம்பரிதியின் முகத்தில் ஓர் ஒளி பரவியது. இப்படி ஒரு யோக்கியனுக்காகப் பல வருடங்கள் காத்திருந்தவரின் முகம் அது.

சாமிக்கண்ணுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலையை மூடியதும் கடற்கரைப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் காவலுக்குச் சேர்ந்தவர். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன கேமராவை இரண்டு முறை ஓடிப்போய்த் திருப்பிக் கொடுத்தவர் என்று அந்தத் தெருவில் சொல்வார்கள். மனைவி வீராயி ஒரு மாணவர் விடுதியில் சமையல். குழந்தை கிடையாது. ஒரே அக்கா செல்வாம்பாள். ஒகுஸ்த் என்கிற ‘சொல்தா’வுக்கு வாழ்க்கைப்பட்டார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். ஒகுஸ்த் ஊர் ஊராக மாற்றலாகிக்கொண்டே இருந்ததால், அவர்களுடைய ஒரே மகள் க்ளெமான்ஸ் பள்ளிக்கூடம் சேரும்வரை இந்தத் தம்பதியிடம்தான் வளர்ந்தாள். இப்போது ஒகுஸ்த் இல்லை. அம்மாவும் மகளும் பாரீசுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

மறுநாள் சாமிக்கண்ணுவும் வீராயியும் அலுவலகத்துக்கு வந்தார்கள். இளம்பரிதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எக்ஸ்ரேயைப் பார்க்கிற டாக்டர் போல உதட்டைப் பிதுக்கினார்.

“அக்கா மகளா? அடடா. அக்காவா இருந்திருக்கக் கூடாதா!”

“என்னா சார்?”

“நீங்க அந்தப் பொண்ணுக்கு மாமா. சட்டம் ஒத்துக்குது. அப்பா அம்மாவோட கூடப் பொறந்தவங்க உறவுன்னு பட்டியல்லயே இருக்கு. நீங்க அவங்களுக்கு இருபது லட்சம் குடுங்க, ஒரு பைசா வரி கிடையாது.”

“எங்கிட்ட ஏது சார் இருபது லட்சம்?”

“அது உங்க சொந்தப் பிரச்சினை. சட்டம் தடுக்கல. ஆனா அவங்க உங்களுக்குக் குடுக்கறப்ப சட்டம் உங்க பக்கத்துல இருந்து பாக்கும். பட்டியல்ல கூடப் பொறந்தவங்க இருக்காங்க. கூடப் பொறந்தவங்களோட பொண்ணு இல்ல. அப்ப அவங்க உங்களுக்கு யாரு?”

“அக்கா மவ.”

“சட்டப்படி யாரு?”

இளம்பரிதி கண்ணாடியைக் கழற்றினார்.

“யாரோ.”

அந்த ஒற்றைச் சொல்லின் சட்ட நுட்பத்தில் நான் மெய்சிலிர்த்தேன். மாமன் கொடுத்தால் சீர்; அக்கா மகள் கொடுத்தால் வருமானம். ஒரே உறவு, போகும்போது உண்டு, வரும்போது இல்லை. ஒருவழிப் பாதை என்பதை எங்கள் ஊர் வீதிகளில் போக்குவரத்துக் காவலர்கள் இன்றுவரை அமல்படுத்த முடியவில்லை. சட்டம் அதை ரத்த சம்பந்தத்திலேயே அமல்படுத்திவிட்டது.

வீராயிக்கு நுட்பம் விளங்கவில்லை. “யாரோவா? காது குத்தறப்ப அது இவரு மடியில உக்காந்துதான் குத்திச்சி. அழுதுக்கினே இவரு சட்டையில மூக்கச் சிந்துச்சி. அம்மை வாத்தப்ப ராவும் பகலும் வேப்பிலயோட நான்தான் உக்காந்திருந்தேன். அது யாரோவா சார்?”

“அம்மா, அம்மை பத்திச் சட்டத்துல எதுவும் சொல்லலம்மா” என்றார் இளம்பரிதி பரிவோடு.

அங்கிருந்தே க்ளெமான்ஸை வீடியோவில் கூப்பிட்டார்கள். வேலைக்குக் கிளம்பி, மருத்துவமனை உடுப்போடு வீட்டில் இருந்தாள். “மாமா, என்னா யோசனை? ஒரு விர்மான் தான, இன்னிக்கே பேங்க்ல இருந்து பணத்த மாத்தி அனுப்பிடறேன்” என்றாள். இளம்பரிதி ‘போன்ழூர்’ சொல்லிவிட்டு, அவள் பிரெஞ்சில் பதில் சொல்வதற்குள் தமிழில் விஷயத்தை விளக்கினார். அவள் முகம் சிறுத்துப் போயிற்று. “நான் மாமாவுக்கு உறவு இல்லியா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

அப்போது பின்னாலிருந்து செல்வாம்பாள் எட்டிப் பார்த்தார். “ஏம்பா தம்பி, இதுக்கு ஏன் இவ்ளோ பேச்சு? அது எங்கிட்ட குடுக்கட்டும். நான் உனக்கு அனுப்பறேன். நான் உன் அக்காதான, என்னையும் இல்லன்னுட்டாங்களா?”

இளம்பரிதி நிமிர்ந்து உட்கார்ந்தார். “அம்மா, வயசானவங்க பன்னாட்டு விவகாரத்துல கருத்துச் சொல்லக் கூடாது. நீங்க சொல்றது சுத்து வழி. அதுக்கு அந்த நாட்டுல என்ன பேரு, இந்த நாட்டுல என்ன பேருன்னு நான் சொன்னா நீங்க தூங்க மாட்டீங்க.”

“அய்யோ, எனக்கு எதுக்கு வம்பு” என்று செல்வாம்பாள் திரையிலிருந்து விலகிப் போனார். பேரவையின் வரலாற்றில் இவ்வளவு விரைவாக விழிப்புணர்வு பெற்றவர் வேறு யாரும் இல்லை.

பிறகு இளம்பரிதி சட்டப் புத்தகத்தைத் திறந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். திடீரென்று, “உறவே இல்லாதவங்க குடுத்தாலும் வரி கிடையாதுன்னு ஒரே ஒரு இடம் இருக்கு” என்றார். “கல்யாணம்! ஒருத்தரோட கல்யாணத்த முன்னிட்டு யார் எவ்வளவு குடுத்தாலும் விலக்கு.”

“எனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே சார்?”

“வயசு என்ன உங்களுக்கு?”

“வர தை வந்தா அறுவது முடியுது.”

இளம்பரிதி எழுந்து நின்றார். கண்களை மூடினார். அவருடைய உதடுகள் மட்டும் அசைந்தன: “அறுபதாம் கல்யாணம்.”

நான் கைதட்டிவிட்டேன். தமிழனின் தொன்மையான சடங்கும் இந்தியாவின் நவீன வரிச் சட்டமும் கைகுலுக்கிக்கொண்ட இடம், ஒரு பேக்கரிக்கு மேலே இருக்கும் எங்கள் அலுவலகம். அதற்கான ஆலோசனைக் கட்டணம் இரண்டு லட்சம் என்று சொன்னபோது தலைவரின் குரல் தழுதழுத்தது. ரொக்கமாக என்று சேர்த்துச் சொன்னபோது தெளிந்துவிட்டது.

சாமிக்கண்ணுவுக்கு ஓர் எளிய கல்யாணம் போதும் என்று எண்ணம். கோயிலில் ஒரு மாலை, வீட்டில் நாலு பேருக்குச் சாப்பாடு. இளம்பரிதி கடிந்துகொண்டார். “எளிமையா பண்ணா அதிகாரி நம்புவாரா? கல்யாணம் முக்கியமில்ல சார். ஆதாரம் முக்கியம்.” எனவே மண்டபம் பிடித்தோம். இரண்டு வீடியோக்காரர்கள், ஒருவர் எடுப்பதை இன்னொருவர் எடுப்பதற்கு. தலைக்கு மேலே சுற்ற ஒரு டிரோன். வீராயியின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. விடுதி முதலாளியிடம் முன்பணம் வாங்கினார்கள். இருபது லட்சம் வந்தால் எல்லாம் மீண்டுவிடும் அல்லவா?

அழைப்பிதழ் வாசகத்தை இளம்பரிதியே எழுதினார். ‘நிகழும் மங்களகரமான ஆண்டு’ என்று தொடங்கி, ‘இத்திருமணத்தை முன்னிட்டு, இத்திருமணத்திற்காக மட்டுமே, வேறெந்தக் காரணமும் இன்றி அன்பளிப்பு வழங்குவோர் வழங்கலாம்’ என்று முடிந்தது. அச்சகத்தில் இருந்தவர், “மொய் கேக்கறதுல இது புது மாடலா இருக்குதே” என்று வியந்தார்.

க்ளெமான்ஸும் செல்வாம்பாளும் விமானம் ஏறி வந்தார்கள். தை மாதத்தில் ஒரு நல்ல நாள். சாஸ்திரிகள் ஒவ்வொரு முறை ‘சஷ்டியப்த பூர்த்தி’ என்று வாய் திறந்தபோதும் இளம்பரிதி மைக்கை மூடிவிட்டு, “திருமணம்னு சொல்லுங்க சாமி, ரெக்கார்ட் ஆவுது” என்றார். வீராயியைப் பார்த்து, “அம்மா, கொஞ்சம் வெக்கப்படுங்க. புதுப் பொண்ணு மாதிரி இருக்கணும்” என்றார்.

“எதுக்கு வெக்கப்படணும்? இவரு குறட்டை விடறத எத்தினி வருசமா கேட்டுக்கினு இருக்கேன்” என்றார் வீராயி. சாமிக்கண்ணு தாலியை எடுத்தார். முதல் கல்யாணத்தில் ஆலைச் சம்பளத்தில் வாங்கிய மஞ்சள் கயிறுதான் கட்டினாராம். இப்போது க்ளெமான்ஸ் பொன்னில் வாங்கி வந்திருந்தாள். அதைப் பார்த்ததும் வீராயி நிஜமாகவே அழுதுவிட்டார். க்ளெமான்ஸ் ஓடி வந்து அத்தையைக் கட்டிக்கொண்டாள். “கட் பண்ணு, கட் பண்ணு! யாரோ ஒருத்தர் ஏன் இவ்ளோ அழறாங்கன்னு கேட்பாங்க!” என்று இளம்பரிதி வீடியோக்காரரிடம் பாய்ந்தார்.

முகூர்த்தத்தின் உச்சம் தாலி கட்டியதோடு முடியவில்லை. க்ளெமான்ஸ் மேடையில் நின்று கைப்பேசியில் பணம் அனுப்ப வேண்டும். அனுப்பியதாகத் திரையில் செய்தி வந்த கணத்தில் கெட்டிமேளம் கொட்ட வேண்டும். அன்று பார்த்து வங்கியின் சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தது. தவில்காரர் குச்சியை ஓங்கியபடி நின்றார். நாகஸ்வரக்காரர் கன்னத்தில் காற்றை அடக்கியபடி நின்றார். நல்ல நேரம் கழிந்து எமகண்டம் பிறந்த பிறகு ‘அனுப்பப்பட்டது’ என்று வந்தது. கெட்டிமேளம் முழங்கியது. சபையோர் அட்சதையைக் கைப்பேசி மீது தூவினார்கள்.

சில நாளில் பணம் வந்து சேர்ந்தது. மண்டபக் கடன், அடகு, முன்பணம், எங்கள் கட்டணம் எல்லாம் போக மிச்சத்தில் சாமிக்கண்ணு பழைய வீட்டை இடித்துவிட்டு அஸ்திவாரம் போட்டார். இளம்பரிதி கணக்குத் தாக்கலில் ‘திருமண அன்பளிப்பு, விலக்கு’ என்று காட்டினார். சுவர்கள் எழும்பின. தூண்கள் நின்றன. ஒட்டு போட வேண்டியதுதான் பாக்கி என்று இருந்தபோது அறிவிப்பு வந்தது.

இப்போதெல்லாம் வரித் துறையில் ‘முகமற்ற மதிப்பீடு’ என்று ஓர் அரிய ஏற்பாடு உண்டு. அதிகாரி யார், எந்த ஊரில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. கடவுளுக்கு அடுத்தபடியாக இந்த வசதி அவருக்கு மட்டுமே இருக்கிறது. அவர் கேட்டார்: திருமணத்துக்கு ஆதாரம் என்ன? இளம்பரிதி துள்ளிக் குதித்தார். அழைப்பிதழ், முந்நூறு புகைப்படம், டிரோன் காட்சி உட்பட எல்லாவற்றையும் ஏற்றினோம். முகமற்றவர் எங்கள் எல்லாருடைய முகத்தையும் பொறுமையாகப் பார்த்திருக்க வேண்டும். பதில் வந்தது:

‘மணமகள் எனக் காட்டப்படும் வீராயி என்பவர் குடும்ப அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் பல்லாண்டுகளாகத் தங்கள் மனைவி எனக் குறிக்கப்பட்டுள்ளார். ஏற்கெனவே மனைவியாக உள்ளவரையே மணந்துகொள்வது திருமணம் ஆகாது. எனவே தொகை முழுவதும் தங்கள் வருமானமே.’

கீழே வரியும் வட்டியும் இருந்தன. ஒட்டுக்கு வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும்.

இளம்பரிதி கலங்கவில்லை. மேதைகள் தோல்வியில்தான் ஒளிர்வார்கள். “உங்க முதல் கல்யாணத்துக்குப் பதிவுச் சான்றிதழ் இருக்கா?” என்று கேட்டார். இல்லை என்றார் சாமிக்கண்ணு. கோயிலில் நடந்த கல்யாணம்; அந்தக் காலத்தில் யார் பதிவு செய்தார்கள்?

“அப்ப ஜெயிச்சாச்சு!” என்றார் இளம்பரிதி. அன்று மாலையே முத்திரைத் தாளில் ஓர் உறுதிமொழியைத் தயாரித்து, கையெழுத்து வாங்கிவர என்னை அனுப்பினார்.

குருசுக்குப்பத்தில் கூரை இல்லாத சுவர்களுக்கு நடுவே, தார்ப்பாய்க்குக் கீழே, கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். நான் கடமை உணர்வோடு வாசித்தேன்: “‘மேற்படி வீராயி என்பவர், சென்ற தை மாதம் வரை எனக்கு மனைவி அல்லர். எனது இல்லத்தில் தங்கியிருந்து சமையல் முதலான பணிகளைக் கவனித்து வந்தவர். எங்களுக்குள் திருமணம் ஏதும் நடைபெறவில்லை என்று இதனால் உறுதி கூறுகிறேன்.’ ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா போதும். மேல்முறையீட்டுல வரி மொத்தமும் தள்ளுபடி ஆயிடும்னு தலைவர் சொல்றாரு.”

தார்ப்பாய் காற்றில் படபடவென்று அடித்தது. சாமிக்கண்ணு பேனாவை வாங்கிக்கொண்டு, மனைவியைப் பார்க்காமலேயே, “ஒரு பேப்பர்தான வீராயி” என்றார். “ஊட்டுக்கு ஒட்டு போட்டுடலாம். மழைக்கு முந்தி.”

வீராயி கத்தவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. கத்தினால் ‘உணர்ச்சிவசப்படாதீங்க’ என்று சொல்லலாம்.

“க்ளெமான்ஸ யாரோன்னாங்க. சரி, பணத்துக்காவ ஒரு பேச்சுதானன்னு பொறுத்துக்கினேன். மேடையில குந்தவச்சி, வெக்கப்படுன்னாங்க. அதையும் பொறுத்துக்கினேன். இப்ப என்னையும் யாரோன்னு இந்த சார் எழுதிக்கினு வந்திருக்காரு. ஆலைய மூடிட்டாங்கன்னு நீ ஆறு மாசம் சுவத்த பாத்துக்கினு படுத்திருந்தியே, அப்ப உனக்குச் சோறு போட்டது யாரு? தங்கியிருந்து பணிகளைக் கவனிச்சவளா?”

சாமிக்கண்ணு பேனாவின் மூடியைப் போட்டார். பேனாவை என் சட்டைப்பையில் செருகி, தாளை என் மடியில் வைத்தார்.

“வரிய கட்டிடறேன் சார்” என்றார். “அவ எம் பொண்டாட்டி. அதுக்கு வரின்னாலும் கட்டிடறேன்.”

அறியாமைக்கு இதைவிடப் பெரிய உதாரணம் எங்கள் பேரவையின் கோப்புகளில் கிடையாது. நான் தலைவரிடம் ஓடினேன். அவர், “அவங்களா ஆபீசுக்குப் போயி ஏதாவது உளறிடப் போறாங்க, நீங்க கூடப் போங்க” என்றார். அவரே வரவில்லையா என்றேன். வருமானவரி அலுவலகம் என்றாலே தமக்குப் படபடப்பு வந்துவிடும் என்றார். பெரிய பக்தர்கள் சிலர் கருவறைக்குள் போகமாட்டார்கள், அதைப் போல.

அலுவலகத்தில் தகவல் பிரிவில் சரிதா என்று ஓர் இளம் அதிகாரி இருந்தார். அவருக்கு முகம் இருந்தது. கணினியில் எல்லாவற்றையும் பார்த்தார். டிரோன் காட்சியை மட்டும் இரண்டு முறை பார்த்தார். எங்கே, எப்படிக் கட்டுவது என்று சொல்லிக்கொடுத்தார். பிறகு விசாரித்தார்.

“பணம் அனுப்புன பொண்ணு உங்களுக்கு யாருங்க?”

“யாரோம்மா” என்றார் சாமிக்கண்ணு தலையைக் குனிந்தபடி.

“அக்கா மவம்மா” என்றார் வீராயி.

“அக்கா உயிரோட இருக்காங்களா?”

“இருக்காங்க. அந்தப் பொண்ணு கூடத்தான்.”

சரிதா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “அப்ப ஏங்க இவ்ளோ கஷ்டப்பட்டீங்க? பொண்ணு அம்மாவுக்குக் குடுத்தா வரி இல்ல. அக்கா தம்பிக்குக் குடுத்தா வரி இல்ல. அக்கா ஒரு கடுதாசில ‘என் தம்பிக்குப் பிரியமா குடுக்கறேன்’னு எழுதி, அவங்க கணக்குல இருந்தே அனுப்பிச்சிருந்தா விஷயம் முடிஞ்சிது. இத முதல்லயே ஒருத்தரும் சொல்லலியா?”

“சொன்னாங்க” என்றார் வீராயி. “எங்க நாத்தனாரே சொன்னாங்க. பேசாதீங்கன்னுட்டாங்க.”

மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேலே மின்விசிறியைப் பார்த்தேன். அரசு மின்விசிறிகள் எவ்வளவு அமைதியாகச் சுற்றுகின்றன!

இந்த இடத்தில் தலைவரைத் தவறாக எண்ணிவிடக் கூடாது. அவருக்கு இந்த வழி தெரியாது என்று யாராவது நினைத்தால் அது அவருடைய புலமைக்கு இழுக்கு. நன்றாகத் தெரியும். ஆனால் தம்பிக்கு அக்கா பணம் அனுப்புவதில் ஆலோசனைக்கு எங்கே இடம் இருக்கிறது? கருத்தரங்கம் எதற்கு, கைவிலங்குப் படம் எதற்கு? எல்லாரும் அப்படி எளிமையாக அனுப்ப ஆரம்பித்தால் சட்டத்தின் மீது மக்களுக்கு இருக்கும் பயபக்தி என்ன ஆகும்? அந்தப் பெரிய நோக்கத்துக்கு முன்னால் ஒரு குடும்பத்தின் கூரை மிகச் சிறியது.

சாமிக்கண்ணு வரியையும் வட்டியையும் கட்டினார். அந்த மழைக்காலத்தைத் தார்ப்பாய்க்குக் கீழே கழித்தார்கள். விஷயம் தெரிந்த க்ளெமான்ஸ் போனில் அழுதாளாம். பிறகு கூடுதல் இரவுப் பணி பார்த்து அம்மாவிடம் கொடுத்தாள். செல்வாம்பாள் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, தம்பி கணக்குக்கு அனுப்பினார். எந்த மேளமும் இல்லை. எந்த அறிவிப்பும் வரவில்லை. மாசி மாதம் ஒட்டு போட்டு முடித்தார்கள். ஒரு செயலாளர் என்ற முறையில் எனக்கு இது வருத்தம்தான். எந்த நிபுணரின் மேற்பார்வையும் இல்லாத கூரை.

ஒட்டுக்குத் தண்ணீர் கட்டியிருந்த வாரத்தில் ஒருநாள் வீராயி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். சாமிக்கண்ணு படியிலேயே நின்றுகொண்டார். இளம்பரிதி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உள்ளறைக்குப் போய்த் தாழிட்டுக்கொண்டார். நான்தான் ‘போன்ழூர்’ சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை.

“சண்டைக்கு வரல” என்றார். “அந்த அதிகாரிப் பொண்ணு கேட்டுச்சி, உங்களுக்கு ஆலோசனை சொன்னவருக்குக் குடுத்த பணத்துக்கு ரசீது இருக்கான்னு. ரெண்டு லட்சம் எண்ணி வாங்கினீங்களே, அதுக்கு ரசீது குடுங்க. வாங்கிக்கினு போயிடறேன்.”

அவருடைய அறியாமையை நினைத்து எனக்குப் பரிதாபமாக இருந்தது. இத்தனை மாதம் எங்களோடு பழகியும் வரிச் சட்டத்தின் அடிப்படையே விளங்கவில்லையே! ஒரு குழந்தைக்குச் சொல்வதைப் போல, பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாக விளக்கினேன்:

“ரசீது குடுத்தா அது எங்க வருமானம் ஆயிடும்மா. குடுக்கலன்னா, நீங்க எங்களுக்கு அன்பா குடுத்தது.”